சித்ரா பௌர்ணமி நிலாவை எப்போது, எங்கே, எப்படிப் பார்ப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சித்திரை பிறந்துவிட்டால் பகலைப் பற்றிச் சொல்ல வெயிலைத் தவிர வேறொன்றும் இல்லை. இந்த மாதத்தின் சொத்தெல்லாம் இரவில்தான் இருக்கிறது, அதிலும் பௌர்ணமி இரவில். விரதம், பரிகாரம், பூஜை நேரம் பற்றிய தகவல்கள் எங்கும் கிடைக்கும் என்பதால் இங்கே பேச்சு நிலாவைப் பற்றி மட்டும். கேட்கிற எல்லோருக்கும் முதலில் சொல்வது இதுதான்: ராத்திரி பத்து மணிக்கு மொட்டைமாடிக்குப் போய் அண்ணாந்து பார்த்துவிட்டு ‘பௌர்ணமி பார்த்தாச்சு’ என்று இறங்கிவிடாதீர்கள். பார்க்க வேண்டியது, நிலா கிளம்புகிற அந்த அரை மணி நேரம்.

சித்ரா பௌர்ணமி எந்தத் தேதியில் வரும்?

சூரியன் மேஷ ராசியில் இருக்கும் சித்திரை மாதத்தில், அதற்கு நேர் எதிரே நிலா வந்து நிற்கும் நாள். அந்த எதிர்ப்பக்கத்தில்தான் சித்திரை நட்சத்திரம் இருக்கிறது. ஆங்கில மாதக் கணக்கில் ஏப்ரல் பாதியிலிருந்து மே பாதிக்குள் எங்கே வேண்டுமானாலும் விழும். 2025-இல் மே 12, 2026-இல் மே 1, 2027-இல் ஏப்ரல் 20. ஒரு பௌர்ணமிக்கும் அடுத்த பௌர்ணமிக்கும் சராசரியாக 29.53 நாள். பன்னிரண்டு பௌர்ணமி சேர்ந்தாலும் ஒரு வருடம் நிறைய 11 நாள் பாக்கி இருக்கும். அதனால்தான் தேதி வருடா வருடம் முன்னால் நகர்ந்து வந்து, பிறகு ஒரே தாவலாகப் பின்னால் போகிறது.

காலண்டரில் பௌர்ணமி இரண்டு நாளில் போட்டிருக்கிறதே. எந்த ராத்திரி பார்ப்பது?

அதிகம் பேர் குழம்புவது இங்கேதான். ஆனால் விடை தினசரி காலண்டர் தாளிலேயே இருக்கிறது.

திதி என்பது சூரியனுக்கும் நிலாவுக்கும் இடையிலுள்ள கோணக் கணக்கு. 12 டிகிரிக்கு ஒரு திதி. பௌர்ணமி திதி 168 டிகிரியில் தொடங்கி 180 டிகிரியில் முடிகிறது. 180 டிகிரி என்றால் நேர் எதிர், அதுதான் முழுநிலா. ஆக, வானியல்படி நிலா முழுமை அடையும் நொடி பௌர்ணமி திதி ‘முடியும்’ நேரம். தொடங்கும் நேரம் அல்ல. தாளில் ‘பௌர்ணமி இரவு 10.53 வரை’ என்று இருந்தால், 10.53-க்கு நிலா முழுமை அடைகிறது என்று பொருள்.

இனி கணக்கு சுலபம். முடியும் நேரத்துக்கு எந்த மாலை கிட்டத்தில் இருக்கிறதோ அந்த மாலை. 2026 மே 1 அன்று முழுமை அடைவது இரவு 10.53 மணிக்கு, எனவே அன்று மாலையே. 2027-இல் ஏப்ரல் 21 விடியற்காலை 4 மணியை ஒட்டி முழுமை அடைகிறது. அதற்குக் கிட்டத்து மாலை ஏப்ரல் 20. காலை 6 மணி வாக்கில் முடிந்தால்? இரண்டு மாலையும் சரிதான். முழுமைக்கு 12 மணி நேரம் முன்போ பின்போ பார்த்தாலும் வட்டத்தில் 99 சதவீதத்துக்கு மேல் ஒளிர்ந்திருக்கும். குறை கண்ணுக்குத் தெரியாது.

ஒரு எச்சரிக்கை. வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்கும் திதி நேரம் வேறுபடும். சில சமயம் மணிக்கணக்கில். விரதத்துக்கு உங்கள் வீட்டு வழக்கம் எதுவோ அதைப் பின்பற்றுங்கள். வானத்தைப் பார்ப்பதற்குத் திருக்கணிதம்தான் ஒத்துவரும்.

எத்தனை மணிக்குத் தயாராக இருக்க வேண்டும்?

பௌர்ணமி அன்று சூரியன் மறைவதும் நிலா எழுவதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில். சித்திரை மாதத்தில் சென்னையில் சூரியன் மறைவது 6.20-ஐ ஒட்டி; மதுரையிலும் கன்னியாகுமரியிலும் 6.30-ஐ ஒட்டி. எனவே ஆறு மணிக்கே இடம் பிடித்து உட்கார்ந்துவிடுங்கள்.

நிலா வருவதற்கு முன்பே ஒரு வேடிக்கை இருக்கிறது. சூரியன் மறைந்த சில நிமிடங்களில் கிழக்கு அடிவானத்தைப் பாருங்கள். அடியில் நீலச்சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை கிளம்பும். அதன் மேல் விளிம்பில் மங்கிய ரோஸ் நிறத்தில் இன்னொரு பட்டை. பெரும்பாலானோர் அதை மழை மேகம் என்று நினைத்துவிடுவார்கள். அது பூமியின் நிழல். நாம் நிற்கும் பூமியே காற்றுமண்டலத்தின் மேல் விழச் செய்யும் நிழல், சூரியன் கீழே இறங்க இறங்க மேலே ஏறிக்கொண்டே வரும். பௌர்ணமி நிலா இந்தப் பட்டையை ஒட்டித்தான் தலைகாட்டும்.

விளிம்பு தெரிந்ததிலிருந்து முழு வட்டமும் வெளியே வர இரண்டு நிமிடத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். போனை எடுத்து லாக் திறப்பதற்குள் பாதி முடிந்துவிடும். கடற்கரையில் அடிவானத்தில் புழுதியும் ஈரப்பதமும் தேங்கியிருந்தால், சொன்ன நேரத்துக்கு ஐந்து பத்து நிமிடம் கழித்து, ஏற்கெனவே கொஞ்சம் மேலே ஏறிய நிலாதான் கண்ணில் படும். அடிவானத்தில் காணோமே என்று எழுந்து போய்விட வேண்டாம். கொஞ்சம் மேலே துழாவிப் பாருங்கள்.

எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்?

கிழக்குதான், ஆனால் நேர் கிழக்கு இல்லை. சித்திரையில் சூரியன் வடக்கே தள்ளி மறைகிறது. எதிர்ப்பக்கம் இருக்கும் நிலா தெற்கே தள்ளி எழும். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் சுமார் 10 டிகிரி. நேர் கிழக்கிலிருந்து வலப்பக்கம் ஒன்று முதல் இரண்டு முஷ்டி தூரத்தில் எதிர்பாருங்கள். மாடியில் அந்தத் திசையை மறைத்துத் தண்ணீர்த் தொட்டி இருந்தால் முன்கூட்டியே இடத்தை மாற்றிக்கொள்ளலாம்.

நள்ளிரவில் தெற்கு வானில் சென்னைக்கு சுமார் 60 டிகிரி உயரத்தில் நிற்கும். மார்கழிப் பௌர்ணமிபோல நேர் தலைக்கு மேல் வராது. கழுத்து வலிக்காமல் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கத் தோதான உயரம்.

எழும்போது நிலா ஏன் அவ்வளவு பெரிதாக இருக்கிறது?

பெரிதாக இல்லை; பெரிதாகத் தோன்றுகிறது. காற்றுமண்டலம் பூதக்கண்ணாடி மாதிரி வேலை செய்கிறது என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். அது சரியல்ல. அடிவானத்தில் காற்று நிலாவை மேலும் கீழுமாகச் சற்று நசுக்கித்தான் காட்டும். தூரக் கணக்குப்படியும் அடிவான நிலா நம்மிடமிருந்து தலைக்கு மேல் இருக்கும் நிலாவைவிடக் கொஞ்சம் தள்ளியே இருக்கிறது.

நீங்களே சோதிக்கலாம். நிலா எழும்போது கையை முழுக்க நீட்டிச் சுண்டுவிரலால் அதை மறையுங்கள். முழுதாக மறைந்துவிடும், விரலில் மிச்ச இடமும் இருக்கும். இரவு பதினோரு மணிக்கு மறுபடி அதையே செய்யுங்கள். அளவு மாறியிருக்காது. நிலாவின் அகலம் அரை டிகிரி, சுண்டுவிரல் ஒரு டிகிரி. செய்தித்தாளைச் சுருட்டிக் குழாயாக்கி அதன் வழியே பார்த்தால், மரமும் கட்டடமும் கண்ணில் படாததால் அந்தப் பெரிய நிலா சட்டென்று சுருங்கும். மூளை ஏன் இப்படி ஏமாறுகிறது என்பதில் விஞ்ஞானிகளுக்குள்ளேயே இன்னும் ஒரு முடிவு இல்லை. ஏமாற்றம் தெரிந்தபின்பும் அழகு குறைவதில்லை என்பது என் கட்சி.

‘பிங்க் மூன்’, ‘ஸ்ட்ராபெரி மூன்’ என்று செய்தி வருகிறதே. அன்று நிலா இளஞ்சிவப்பாக இருக்குமா?

இருக்காது. இவை வட அமெரிக்காவில் மாதந்தோறும் வரும் பௌர்ணமிக்கு வைத்த பெயர்கள். ஏப்ரலில் அங்கே தரையெங்கும் பூக்கும் இளஞ்சிவப்புப் பூவை வைத்து ‘பிங்க் மூன்’. ஜூனில் ஸ்ட்ராபெரி பழுக்கும் காலம் என்பதால் ‘ஸ்ட்ராபெரி மூன்’. நம் ஊர் டிவிக்காரர்கள் இளஞ்சிவப்பு வட்டம் ஒன்றை வரைந்து காட்டிவிடுகிறார்கள், மறுநாள் ‘எங்க ஊர்ல வெள்ளையாத்தான் இருந்துச்சு’ என்று புகார் வருகிறது. நாமே பெயர் வைப்பதானால் சித்திரைக்கு மாம்பழ நிலா என்று வைக்கலாம். எழும்போது நிறமும் பொருந்தும்.

அந்த மாம்பழ நிறத்துக்குக் காரணம், அடிவானத்திலிருந்து வரும் ஒளி அதிகக் காற்றைக் கடந்து வருவது. நீலம் வழியிலேயே சிதறிப்போக, மஞ்சளும் சிவப்பும் மிஞ்சுகின்றன. கோடைப் புழுதி அதிகமாக இருந்தால் செங்கல் நிறம்கூட வரும்.

‘ப்ளூ மூன்’ கதையும் இதேதான். 2026 மே மாதத்தில் 1-ஆம் தேதி ஒன்று, 31-ஆம் தேதி ஒன்று என இரண்டு பௌர்ணமி. ஒரே ஆங்கில மாதத்தில் வரும் இரண்டாவதை அப்படி அழைக்கிறார்கள். நீலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சூப்பர் மூன் அன்று பார்த்தால் இன்னும் நன்றாக இருக்குமா?

நிலாவின் பாதை சரியான வட்டமில்லை. கிட்டத்தில் வரும்போது சுமார் 3,56,500 கிலோமீட்டர், தள்ளிப் போகும்போது சுமார் 4,06,700. இரண்டு எல்லைக்கும் நடுவே அகலத்தில் 14 சதவீதம் வித்தியாசம். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தெரியும். வானத்தில் ஒன்றுதானே இருக்கிறது. 2026-இல் வரும் இரண்டு மே மாத நிலாவும் தள்ளி நிற்கும் ரகம். 31-ஆம் தேதி நிலா அந்த வருடத்திலேயே சிறியது. யாராவது சொல்லாவிட்டால் உங்களுக்குத் தெரியப்போவதில்லை.

கன்னியாகுமரியில் சித்ரா பௌர்ணமி அன்று மட்டும்தான் சூரியன் மறைவதையும் நிலா எழுவதையும் சேர்ந்து பார்க்க முடியுமா?

அந்த ஒரு நாளில் மட்டும் என்று சொல்வது கொஞ்சம் மிகை. பௌர்ணமி என்றாலே சூரியனும் நிலாவும் எதிரெதிர் என்பதால், இருபக்கமும் திறந்த வெளி இருக்கும் எந்த ஊரிலும் எந்தப் பௌர்ணமிக்கும் இது வாய்க்கலாம். ஆனால் ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவமழை மேகம், ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை மேகம். சித்திரையில் வானம் ஓரளவு தெளிவு, பள்ளி விடுமுறை, திருவிழா நாள் வேறு. புகழ் இந்த நாளுக்குச் சேர்ந்ததில் வியப்பில்லை.

போகிறவர்களுக்குச் சில விவரங்கள். சித்திரையில் அங்கே சூரியன் நடுக்கடலில் விழாது. வடக்கே தள்ளி, கரையோரத்தை ஒட்டி நிலப்பக்கமாக மறையும். கட்டடங்கள் மறைக்கும் என்பதால் கூட்டத்தோடு மணலில் நிற்பதைவிட உயரமான லாட்ஜ் மாடி மேல். நிலா எழுவது விவேகானந்தர் பாறைக்கு வலப்பக்கம். 133 அடி வள்ளுவர் சிலையோடு நிலாவைச் சேர்த்துப் பார்க்க விரும்பினால், கிழக்குக் கரையோரமாக வடக்கே நடங்கள். நீங்கள் வடக்கே நகர நகர சிலை வலப்பக்கம் நகர்ந்து நிலா வரும் இடத்துக்குப் போகும்.

மேலே சொன்ன திதிக் கணக்கை இங்கே மறக்க வேண்டாம். பௌர்ணமி பகலிலேயே முடிந்துவிட்ட நாளில் சூரியன் மறைந்த பிறகுதான் நிலா வரும். இரண்டையும் ஒருசேரப் பார்க்க வேண்டுமென்றால், மாலைக்குப் பிறகு, நள்ளிரவிலோ விடியற்காலையிலோ திதி முடிகிற வருடமாகப் பார்த்து டிக்கெட் போடுங்கள்.

கன்னியாகுமரி தவிர வேறு நல்ல இடங்கள்?

கிழக்குக் கடற்கரை முழுக்க நல்ல இடம்தான். மெரினா, பெசன்ட் நகர், பூம்புகார், தரங்கம்பாடி, நாகப்பட்டினம், திருச்செந்தூர் எங்கே நின்றாலும் நிலா கடலிலிருந்து எழும். இதில் பூம்புகாருக்குத் தனி உரிமை உண்டு. சித்திரை மாதத்தில் நிலா சித்திரை நட்சத்திரத்தோடு சேர்ந்த நாளில் புகார் நகரில் இந்திர விழா எடுத்ததைச் சிலப்பதிகாரம் சொல்கிறது.

இந்தச் சமயத்தில் கடற்கரைக்கு இன்னொரு லாபம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மற்ற மாதங்களில் அடிவானம் நெடுக வரிசையாக மின்னும் படகு விளக்குகள் இப்போது இருக்காது. ஒன்றிரண்டு ஃபைபர் படகு வெளிச்சம் மட்டும். அடிவானம் கருகருவென்று இருப்பதால் நிலாவின் முதல் கீற்று உடனே தெரியும்.

தனுஷ்கோடிக்குப் போகலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். இடம் அற்புதம், ஆனால் மாலையானால் ஆட்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ராமேசுவரத்திலேயே கிழக்குக் கரையில் உட்காருவது உத்தமம். பௌர்ணமியை ஒட்டிக் கடல் ஏற்றமும் அதிகம். கன்னியாகுமரி மாவட்டக் கரைக்குச் சித்திரை, வைகாசியில் கள்ளக்கடல் எச்சரிக்கை வருவது உண்டு. காற்றே இல்லாத நாளில் எங்கோ தொலைவில் கிளம்பிய அலை திடீரென்று கரையேறுவது அது. எச்சரிக்கை இருந்தால் பாறைமேல் உட்காராதீர்கள், கால் நனைக்கவும் வேண்டாம்.

கடல் இல்லாத ஊர்க்காரர்கள் ஏரிக்கரையை விடாதீர்கள். மேற்குக் கரைமேல் நின்றால் எதிரே தண்ணீர், அதற்கு மேல் நிலா. கோடையில் ஏரி வற்றி நடுவில் குட்டையளவு தண்ணீர்தான் இருக்கும். நிலா விழுந்து மின்ன அது போதும். டார்ச் கொண்டு போங்கள். கரைச் சரிவில் பாம்பு புழங்கும்.

மங்கலதேவி கண்ணகி கோயிலில் இருந்து பார்க்க முடியுமா?

முடியாது. தமிழக, கேரள எல்லையில், பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள், 1,300 மீட்டருக்கு மேல் இருக்கும் அந்தக் கோயில் சித்ரா பௌர்ணமி அன்று பக்தர்களுக்குத் திறக்கும். குமுளியிலிருந்து ஜீப்பிலும், கூடலூர் பக்கம் பளியன்குடியிலிருந்து நடந்தும் ஏறுகிறார்கள். ஆனால் பகலோடு சரி. இருட்டுவதற்குள் எல்லோரையும் இறக்கிவிடுவார்கள். இறங்கி வந்து கம்பம் பள்ளத்தாக்கில் நின்று பாருங்கள். மலை மறைப்பதால் நிலா தாமதமாக வரும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க மதுரைக்குப் போகிறோம். நிலா பார்க்க நேரம் இருக்குமா?

முந்தின இரவே வைகைக் கரைக்கு வந்துவிட்டால் முழு இரவும் உங்களுடையது. எதிர்சேவை பார்த்துவிட்டு விடிய விடிய விழித்திருக்கும் ஊர் அது. நிலா பார்க்கவென்று தனியாக மெனக்கெட வேண்டாம். அழகர் இறங்கும் விடியற்காலை நேரத்தில், எல்லோர் கண்ணும் தங்கக்குதிரை மேல் இருக்கும். ஒரு நொடி திரும்பி, ஆறு வரும் மேற்குத் திசையைப் பாருங்கள். கட்டடங்கள் மறைக்காத இடமாக இருந்தால், மங்கிய மஞ்சளாக நிலா இறங்கிக்கொண்டிருக்கும். தண்ணீர் பீய்ச்சுபவர்கள் பக்கத்தில் நின்றால் போனுக்கு உறை அவசியம்.

திருவண்ணாமலை கிரிவலத்தில்?

14 கிலோமீட்டர் பாதை மலையைச் சுற்றுவதால், நடக்க நடக்க நிலா மலைக்கு மேல் வரும், மறையும், பக்கவாட்டில் வரும். பாதையெங்கும் விளக்கு வெளிச்சமும் லட்சக்கணக்கில் கூட்டமும் இருப்பதால் அமைதியாக நின்று பார்க்க வேண்டுமென்றால் சித்திரை வேண்டாம், வேறு மாதம் போங்கள்.

நிலாவுக்குப் பக்கத்தில் தெரியும் நட்சத்திரம்தான் சித்திரையா?

ஏப்ரலில் வரும் சித்ரா பௌர்ணமி என்றால் பெரும்பாலும் ஆமாம். மே மாதத்துக்குத் தள்ளிப்போகும் வருடங்களில் நிலா சுவாதி, விசாகம் பக்கம் நகர்ந்திருக்கும். 2026 மே 1 அன்று இரவு எட்டு மணிக்குக் கிழக்கே பார்த்தால், நிலாவுக்கு மேலே ஒன்றரை இரண்டு முஷ்டி உயரத்தில் நீலவெள்ளையாக மின்னுவது சித்திரை. இடப்பக்கம் தள்ளி, வடகிழக்கில், ஆரஞ்சு சாயலோடு இன்னும் பளிச்சென்று இருப்பது சுவாதி. நிலா வெளிச்சத்தில் மற்றவை அடங்கிவிட, இந்த இரண்டும் தாக்குப்பிடிக்கும். சித்திரையின் ஒளி நம்மை வந்து சேர ஏறக்குறைய 250 வருடம் ஆகிறது.

பாட்டி வடை சுடுவது எங்கே தெரியும்? எனக்கு முயல்தான் தெரிகிறது.

இரண்டும் ஒரே கறைதான். அந்தக் கருமை, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வழிந்து உறைந்த எரிமலைக் குழம்புச் சமவெளி. பழைய வானியலாளர்கள் கடல் என்று நினைத்துப் பெயர் வைத்துவிட்டார்கள். 1969 ஜூலையில் மனிதர் முதன்முதலாக இறங்கிய ‘அமைதிக் கடல்’ அவற்றில் ஒன்று.

குழந்தைகளோடு செய்யத்தக்க வேலை ஒன்று இருக்கிறது. நிலா எழும்போது ஒரு தாளில் வட்டம் போட்டுக் கறையை வரையச் சொல்லுங்கள். நள்ளிரவில் ஒருமுறை, முடிந்தால் விடியற்காலை ஒருமுறை. பாட்டி சுற்றிக்கொண்டே போவாள். நம் ஊர் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் எழுவதற்கும் மறைவதற்கும் நடுவே நிலா ஏறக்குறைய அரைச்சுற்று சுழன்றுவிடும். எழும்போது நிலாவின் தென்பகுதி நமக்கு வலப்பக்கம், நள்ளிரவில் அடிப்பக்கம், மறையும்போது இடப்பக்கம். முயலா பாட்டியா என்ற சண்டையில் பாதி, யார் எத்தனை மணிக்குப் பார்த்தார்கள் என்பதால் வருவது.

2023 ஆகஸ்ட் 23-இல் சந்திரயான்-3 இறங்கிய இடமும் அந்தத் தென்பகுதியில்தான். நிலா எழும்போது வலது விளிம்பை ஒட்டிக் கைகாட்டி ‘அங்கேதான்’ என்று பிள்ளைகளிடம் சொல்லலாம். எந்தத் தொலைநோக்கியிலும் லேண்டரெல்லாம் தெரியாது.

டெலஸ்கோப் வாங்கியிருக்கிறேன். பௌர்ணமி அன்று பள்ளங்கள் தெரியவில்லையே?

வெளிச்சம் நேராக விழுவதால் நிழல் இல்லை. நிழல் இல்லாவிட்டால் மேடு பள்ளம் தெரியாது. வளர்பிறை சப்தமி, அஷ்டமிக்கு மறுபடி எடுங்கள். பௌர்ணமிக்கு ஏற்றது 7×50 அல்லது 10×50 பைனாகுலர். தென்பகுதியில் டைக்கோ என்ற 85 கிலோமீட்டர் அகலப் பள்ளத்திலிருந்து வெள்ளைக் கோடுகள் நாலாபுறமும் தெறித்திருப்பதை மற்ற எந்தத் திதியையும்விட இன்று நன்றாகப் பார்க்கலாம். கண்ணுக்கு ஆபத்து இல்லை. கூசினால் பக்கத்தில் ஒரு விளக்கைப் போட்டுக்கொள்ளுங்கள், சரியாகிவிடும்.

போனில் எடுத்தால் வெள்ளைப் பொட்டாக வருகிறது.

நிலாவில் விழுவது பட்டப்பகல் வெயில் என்பதை உங்கள் போன் அறியாது. சுற்றிலும் இருட்டு என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். திரையில் நிலாவின் மேல் விரலை அழுத்தி, வெளிச்சத்தைக் கீழே இழுங்கள். ப்ரோ மோடு இருந்தால் ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 125-இல் ஒரு பங்கு நொடி. அங்கிருந்து கூட்டிக் குறைத்துப் பாருங்கள்.

கோபுரமோ தென்னையோ கூட வர வேண்டுமென்றால் பௌர்ணமிக்கு முந்தின நாள், சதுர்த்தசி மாலைதான் வசதி. அன்று சூரியன் மறையும்போதே நிலா கொஞ்சம் மேலே ஏறியிருக்கும். வானத்தில் வெளிச்சம் மிச்சம் இருப்பதால் கோபுரமும் நிலாவும் ஒரே படத்தில் ஒழுங்காக விழும். தள்ளி நின்று, ஜூம் செய்து எடுத்தால்தான் கோபுரத்துக்கு அருகில் நிலா பெரிதாகத் தெரியும். பக்கத்தில் நின்று எடுத்தால் கோபுரம் பெரிது, நிலா சுண்டைக்காய்.

நிலா வெளிச்சம் உண்மையிலேயே குளிர்ச்சியா?

குளிர்ச்சி நிலாவிடமிருந்து வருவதில்லை. மேகமில்லாத இரவில் தரையின் வெப்பம் திறந்த வானத்துக்குத் தப்பிப் போகிறது. நிலா தெரிகிற இரவும் அதே மேகமில்லாத இரவுதான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாலாகப் பொழிகிறது என்று பாடுகிறோமே, நிலாவின் தரை தன்மேல் விழும் ஒளியில் 12 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்புகிறது. தேய்ந்த தார்ரோடு அளவுக்குக் கருப்பு. இருட்டுப் பின்னணியில் பார்ப்பதால் வெள்ளை வெளேரென்று தெரிகிறது.

கரண்ட் போனால் அதிர்ஷ்டம் என்று எடுத்துக்கொண்டு ஒரு சோதனை செய்யுங்கள். செம்பருத்திப் பூ ஒன்றை இலையோடு பறித்து நிலா வெளிச்சத்தில் பிடியுங்கள். பூ கருத்துப்போய், இலை அதைவிட வெளிறித் தெரியும். மங்கிய வெளிச்சத்தில் கண்ணின் நிறம் பார்க்கும் செல்கள் ஓய்ந்துவிடுகின்றன. மிச்சமுள்ள செல்களுக்குச் சிவப்பு தெரியாது.

நிலாச்சோற்றுக்கு என்ன கட்டிக்கொண்டு போவது?

புளியோதரை, எலுமிச்சைச் சாதம், தயிர்ச்சாதம் மூன்றும் போதும். கூடவே வடாமும் மோர் மிளகாயும். தேங்காய்ச் சாதம் இந்த வெயிலில் ஊசிப்போகும், வேண்டாம். புளியோதரைக்கு நல்லெண்ணெயைத் தாராளமாக விட்டு, மதியமே கிளறி வைத்துவிடலாம். ஊற ஊற ருசி.

தயிர்ச்சாதத்தில்தான் நிறையப் பேர் கோட்டை விடுவார்கள். வீட்டிலேயே தயிர் ஊற்றிப் பிசைந்தால் எட்டு மணிக்கு வாயில் வைக்க முடியாமல் புளித்திருக்கும். சாதத்தைக் குழைய வடித்து, சூட்டோடு பாலை விட்டு மசித்து, நன்றாக ஆறியபின் ஒரே ஒரு கரண்டி தயிர் சேருங்கள். நாலு மணிக்கு இப்படிச் செய்தால் எட்டு மணிக்குச் சரியான பதத்தில் தோய்ந்திருக்கும். உப்பைச் சாப்பிடும்போது போட்டுக்கொள்ளலாம்.

பெரியவர்கள் யாராவது ஒரே பாத்திரத்தில் பிசைந்து எல்லோர் கையிலும் உருட்டிப் போடுவதுதான் முறை. பேப்பர் தட்டு எடுத்துப் போனால் அது பிக்னிக். ஆற்றங்கரைக்குப் போக முடியாதவர்களுக்கு மொட்டைமாடி. ஐந்து மணிக்கே தரையில் நாலு வாளித் தண்ணீர் ஊற்றி விடுங்கள். இல்லாவிட்டால் கத்திரி வெயிலில் காய்ந்த தளம் ஒன்பது மணிவரை உட்கார விடாது.

மேகம் மூடிவிட்டால்?

கோடை மழை பெரும்பாலும் மாலையில் இடித்துப் பெய்து ஓய்ந்துவிடும். பத்து மணிக்கு மறுபடி எட்டிப் பாருங்கள். மழை கழுவிய வானத்தில் நிலா இன்னும் துலக்கமாக இருக்கும். உதயம் கிடைக்காமல் போனால் மறுநாள் ஏறக்குறைய 50 நிமிடம் தாமதமாக, நன்றாக இருட்டிய பிறகு எழும். வட்டம் கொஞ்சம் குறைந்திருக்கும், யாரும் கவனிக்கப்போவதில்லை. கோயில் கூட்டமும் வண்டி நெரிசலும் அன்று இருக்காது. எனக்கு அந்த மறுநாள் நிலாதான் கூடுதல் இஷ்டம்.

இலங்கையில் இருக்கிறோம். அங்கே?

யாழ்ப்பாணம், மட்டக்களப்புப் பக்கம் சித்ரா பௌர்ணமி, தாயை இழந்தவர்கள் விரதம் இருக்கும் நாள். கோயிலில் சித்திரபுத்திரனார் கதை படிப்பதும் சித்திரைக் கஞ்சி காய்ச்சி ஊற்றுவதும் வழக்கம். பௌர்ணமி எல்லாமே போயா விடுமுறை என்பதால் லீவு கேட்க வேண்டியதில்லை. மட்டக்களப்பு வாவிக்கரையும் கல்லடிக் கடற்கரையும் கிழக்கு பார்த்தவர்களுக்கு வாய்த்த வரம்.

லண்டன், டொரன்டோவில் இருப்பவர்களுக்கு?

உங்களுக்குச் சித்ரா பௌர்ணமி நிலா தாழ்வாகவே போகும். லண்டனில் உச்சிக்கு வந்தாலும் அடிவானத்திலிருந்து இரண்டு முதல் மூன்று முஷ்டி உயரம்தான். டொரன்டோவில் அதைவிடச் சற்று மேல். அதனால் மாம்பழ நிறம் நம் ஊரைவிட அதிக நேரம் நீடிக்கும், நமக்குக் கிடைக்காத சலுகை அது. இந்தச் சமயத்தில் டொரன்டோவில் சூரியன் மறைய எட்டு, எட்டரை மணி ஆகிவிடும். குழந்தைகளைத் தூங்கவிடாமல் வைத்திருக்க வேண்டும். தெற்கும் தென்கிழக்கும் மறைக்காத ஏரிக்கரையோ ஐந்தாம் மாடி பால்கனியோ தேடிக்கொள்ளுங்கள். வீட்டுப் பின்கட்டிலிருந்து பார்த்தால் அடுத்த வீட்டுக் கூரைக்குப் பின்னாலேயே போய்விடும். சிட்னி, மெல்பர்ன்காரர்களுக்கு இது இலையுதிர்காலம். வடக்கே திரும்பி உயரத்தில் பாருங்கள். பாட்டி தலைகீழாக நின்று வடை சுட்டுக்கொண்டிருப்பாள்.